கெம்புக் கல்லும் மேடை விளக்கும்

(பெங்களூர் அல்சூரில், நடனம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நடன ஆசிரியர்கள் வந்திருக்கிறீர்கள். காஸ்ட்யூம் தைக்கிறவர்கள் இரண்டு பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் பார்த்துவிட்டேன். ஆனாலும் நான் முதலில் கும்பிடுவது தாய்மார்களைத்தான். பல்லிடுக்கில் ஒரு ஹேர்பின், கையில் ஒரு ஊக்கு, "அசையாதடீ" என்று ஓர் அதட்டல். நம் ஊரில் எந்த மேடையின் பின்கட்டுக்குப் போனாலும் இந்தக் காட்சி இருக்கும். இது இல்லாமல் ஓர் அரங்கேற்றமும் நடந்ததில்லை. அரங்கேற்றம் என்று சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும். பெங்களூரில் அது ரங்கப்பிரவேசம். தமிழ் வீட்டு அழைப்பிதழிலும் இப்போது அப்படித்தான் அச்சாகிறது.

ஆடை அணிகலன்களில் இன்றைய போக்கு என்ன என்று பேசச் சொன்னார்கள். இந்த வருடம் என்ன நிறம் ஓடுகிறது, எந்த செட் எங்கே கிடைக்கிறது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் நான் ஒரே ஒரு கல்லைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்தக் கல்லைச் சாக்காக வைத்துக்கொண்டு விளக்கைப் பற்றி.

கல்லின் பெயர் கெம்பு. நெற்றிச்சுட்டியில், ராக்கொடியில், அட்டிகையில், ஒட்டியாணத்தில், நடனப்பெண்ணின் தலைமுதல் இடுப்புவரை பதிந்திருக்கிற அந்தச் சிவப்புக் கல். சென்னையிலும் நாகர்கோவிலிலும் கடைக்காரர் அதைக் கெம்பு என்றுதான் சொல்கிறார். சொல்கிறவருக்கே தெரியாமல் அவர் கன்னடம் பேசுகிறார். கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு. தமிழில் 'செ' என்றோ 'சி' என்றோ தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'கெ' என்றோ 'கி' என்றோ தொடங்கும். நமக்குச் செவி, அவர்களுக்குக் கிவி. நமக்குச் சிறு, அவர்களுக்குக் கிறு. நம் செம்மைதான் அங்கே கெம்பு. 1537-ல் இந்த ஊருக்கு மண்கோட்டை கட்டிய கெம்பேகவுடரின் பெயரிலும் அதே சிவப்புத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய சர்க்கரை மாதிரி இந்தச் சொல் நம் நகைப்பெட்டிக்குள் வந்து கரைந்துவிட்டது. முதலில் மாணிக்கத்துக்கு அந்தப் பெயர். இன்றைக்குக் கண்ணாடியாக இருந்தாலும் சிவப்பாக இருந்தால் கெம்புதான்.

இப்போது ஓர் உதவி. அரங்கப் பொறுப்பாளர் ஐயா, எல்லா விளக்கையும் ஒரு ஐந்து நிமிஷம் அணைக்க முடியுமா? மின்விசிறியையும்தான், திரி ஆடும்.

(விளக்குகள் அணைக்கப்படுகின்றன. பேச்சாளர் ஒரு சிறிய அகலை ஏற்றுகிறார்.)

முன்வரிசைப் பிள்ளைகள் கிட்டே வாருங்கள். இது என் ஆசிரியையின் நெற்றிச்சுட்டி. மல்லேஸ்வரத்தில் தம் வீட்டுக் கூடத்தில் பாய் சுருட்டி வைத்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தவர். கடைசி வருடங்களில் இதை என்னிடம் கொடுத்தார். வடசேரியில் செய்தது. நாகர்கோவிலை ஒட்டிய வடசேரியில் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது அவர்கள் கைவேலைக்குத்தான். வெள்ளித் தகட்டில் கல் உட்காரும் அளவுக்கு அறை அறையாகக் கட்டி, அரக்கு நிரப்பி, கல்லைப் பதித்து, ஓரத்தைத் தங்க ரேக்கால் மூடுவார்கள். இதோ, திருப்பிக் காட்டுகிறேன். முதுகு முழுக்க அடைத்திருக்கிறது பாருங்கள். இன்றைய வைர மோதிரத்தில் கல்லுக்கு அடியில் திறந்திருக்கும், வெளிச்சம் எல்லாப் பக்கமும் புகுந்து சிதறும். இதில் வெளிச்சம் முன்பக்கமாகத்தான் நுழைய வேண்டும், அடியில் உள்ள மினுக்கில் பட்டு, வந்த வழியே சிவப்பை அள்ளிக்கொண்டு திரும்ப வேண்டும்.

இப்போது இதை நெற்றியில் வைத்துக்கொண்டு தலையை மெல்ல அசைக்கிறேன். பார்த்தீர்களா? மின்னவில்லை. வெட்டவில்லை. அடுப்புத் தணலில் காற்று பட்டால் உள்ளே ஒன்று புரளுமே, அப்படி. கல்லுக்குப் பட்டை தீட்டாமல் மொழுக்கென்று விட்டிருப்பது ஏழ்மையினால் அல்ல. எண்ணெய் விளக்கு ஆடும் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்கு ஏற்ற கல் இது. நெற்றிச்சுட்டியும் ஜிமிக்கியும் புல்லாக்கும் முகத்தைச் சுற்றி இருப்பதற்கும் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். விளக்கு மங்கல், பார்க்கிறவர் பத்தடி தூரத்தில். முகத்தில் வெளிச்சம் போதாது. அந்தக் குறையைக் கற்கள் தீர்க்கின்றன. அபிநயத்துக்கு ஆளுக்கொரு குட்டி விளக்கு வைத்த மாதிரி.

சரி, இப்போது யாராவது உங்கள் செல்போன் டார்ச்சை இதன்மேல் அடியுங்கள்.

(சிரிப்பு.)

செத்துவிட்டது, இல்லையா? தணல் போய்விட்டது. சிவப்புப் பிளாஸ்டிக் பொத்தான் மாதிரி இருக்கிறது. நகை அதேதான், கல்லும் அதேதான். வெளிச்சம் மட்டும் மாறிவிட்டது. விளக்குகளைப் போட்டுவிடலாம் ஐயா, நன்றி. அகல் மட்டும் இப்படியே எரியட்டும்.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். நடன ஆடையும் நகையும் மாறுவதை நாம் ரசனை என்கிறோம், சினிமா என்கிறோம், காலம் கெட்டுவிட்டது என்கிறோம். எனக்கு என்னவோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் ஒரு விளக்கு மாறியிருப்பதாகத்தான் படுகிறது.

சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையை எடுத்துப் பாருங்கள். கோவலனுடைய ஊடலைத் தீர்க்க மாதவி தன்னை அலங்கரித்துக்கொள்கிறாள். இளங்கோ அடியில் தொடங்கித் தலைவரை நகையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். காலுக்கு மட்டும் பரியகம், நூபுரம், பாடகம், சதங்கை என்று அடுக்குகிறார். இடுப்பில் முப்பத்திரண்டு வடம் முத்து. தலையில் புல்லகம், தொய்யகம். பாதி நகையின் உருவம் இன்று யாருக்கும் சரியாகத் தெரியாது, உரையாசிரியர்களுக்குள்ளேயே வழக்கு. ஆனால் முதல் நகைக்கும் முன்னால் பாதத்தில் பூசிய ஒரு செம்பூச்சு வருகிறது, அலத்தகம். இன்றைக்குப் பூஜைக் கடையில் பாட்டிலில் 'அல்தா' என்று விற்கிறதே, அந்தச் சொல்தான் இது. அத்தனை நகையில் பாதி காணாமல் போயும், காலில் தேய்த்த சாயம் பெயரோடு மிஞ்சியிருக்கிறது. ஆடுகிறவளின் உள்ளங்கையிலும் விரல்நுனியிலும் ஏன் அதே சிவப்பு? மங்கிய வெளிச்சத்தில் முத்திரையின் விளிம்பு தெரிய வேண்டும். அதுவும் விளக்குக் கணக்குத்தான்.

இந்த விளக்கு எப்போது மாறியது? தென்னாட்டில் அந்தக் கேள்விக்கு நம் ஊரைக் கேட்காமல் விடை சொல்ல முடியாது. காவிரியில் சிவசமுத்திரம் அருவியில் 1902-ல் மின்சாரம் எடுத்தார்கள். அதற்கு அடிபோட்டவர் மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர். முதல் கம்பி பெங்களூருக்கு வரவில்லை. கோலார் தங்கவயலுக்குப் போனது. தங்கம் வெட்ட மின்சாரம். சுரங்கத்தில் இறங்கினவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் சில பேருக்காவது தாத்தா கே.ஜி.எப்.பில் வேலை பார்த்தவராக இருப்பார். மூன்று வருடம் கழித்து, 1905 ஆகஸ்டில், அதே மின்சாரம் பெங்களூர்த் தெருவிளக்கில் எரிந்தது. நகைக்குத் தங்கமும் மேடைக்கு வெளிச்சமும் ஒரே கம்பியில் தொங்கியிருக்கின்றன என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் மயிர்க்கூச்செறியும். மூன்று தலைமுறை பூமிக்குள் போய் வெட்டிய அந்தச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது.

மைசூரில் பழைய மர அரண்மனை 1897-ல் எரிந்துபோனது. இன்று நாம் ஞாயிற்றுக்கிழமை பல்பு எரிவதைப் பார்க்கப் போகிற அரண்மனை 1912-ல் கட்டி முடிந்தது. அந்த அவையில் ஆடிய ஜட்டி தாயம்மா 1857-ல் பிறந்து 1947 வரை வாழ்ந்தவர். அதாவது தீவட்டியில் தொடங்கி மின்விளக்கில் முடிந்த வாழ்க்கை. அவரிடம் பயின்ற வெங்கடலக்ஷம்மா கடூர்ப் பக்கத்து லம்பாணித் தாண்டாவில் பிறந்தவர். லம்பாணிப் பெண்களின் பாவாடையைப் பார்த்திருப்பீர்கள், துண்டு துண்டாகக் கண்ணாடி வைத்துத் தைத்தது. வெட்டவெளியில் வெயிலைப் பிடிக்கிற உடை. அந்தச் சமூகத்துப் பெண் அரண்மனைக்குப் போய், கண்ணாடி எதுவும் இல்லாமல், ஒரு புடவையில் உட்கார்ந்தபடி ஒரு பதத்துக்கு ஒரு மணி நேரம் அபிநயம் பிடிக்கக் கூடியவராக ஆனார். 1992-ல் பத்ம பூஷண் வந்தது. அவருடைய படங்களைப் பாருங்கள். நகை அதிகமில்லை. கண்களை மீறி வேறெதுவும் மின்னவில்லை.

இதே மைசூர் அரசுதான் 1909-ல் கோயில்களில் தேவதாசி ஊழியத்தை நிறுத்தியது. சென்னை மாகாணத்தில் சட்டம் வர 1947 ஆயிற்று. கெஜ்ஜை என்ற சொல்லில் அந்தப் பழைய வடு இருக்கிறது. நம் சலங்கைக்குக் கன்னடத்தில் கெஜ்ஜை. புட்டண்ண கணகால் 1969-ல் எடுத்த 'கெஜ்ஜெ பூஜெ' படம் பார்த்தவர்களுக்கு, சலங்கைப் பூஜை என்ற அந்தச் சடங்கு தன்னை எங்கே கொண்டுபோய்விடும் என்று அதன் நாயகி அஞ்சினாள் என்பது தெரியும். இன்றைக்கு அதே பெயரில் கல்யாண மண்டபம் பிடித்து, கேட்டரிங் சொல்லி, ரிட்டர்ன் கிப்ட் கொடுக்கிறோம். தப்பென்று சொல்லவில்லை. ஒரு சொல் ஐம்பது அறுபது வருடத்தில் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறதே என்று வியக்கிறேன்.

அடுத்தது தையல். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பழைய புகைப்படங்களில் நடனப் பெண்கள் கால்சட்டை போட்டு, அதன்மேல் புடவையைச் சுற்றி, முன்னால் கொசுவத்தை ஒரு பொதியாகத் தொங்கவிட்டிருப்பார்கள். தைத்ததல்ல, கட்டியது. பாலசரஸ்வதி கடைசிவரை ஏறத்தாழ அந்த வழியிலேயே நின்றார். ருக்மிணி தேவி 1935 டிசம்பர் 30-ம் தேதி அடையாற்றில் தியாசாபிகல் சங்கத்தின் வைரவிழாவில் ஆடியபோது, ஆடியது மட்டும் புதிதில்லை, உடுத்தியதும் புதிது. மேடம் கசான் என்ற இத்தாலியத் தையற்காரப் பெண்மணியின் உதவியோடு, கோயில் சிலைகளைப் பார்த்து, கட்டுவதைத் தைப்பதாக மாற்றினார். காலைச் சுற்றி ஒட்டிய பைஜாமா, நடுவில் விரிகிற விசிறி, இடுப்புத் துணி, மேலாக்கு. அரைமண்டியில் உட்கார்ந்தால் கொசுவம் விரிய வேண்டும், எழுந்தால் மூட வேண்டும். ஏன் அப்போது இந்தத் தேவை? ஆட்டம் கூடத்திலிருந்து மேடைக்கு ஏறிவிட்டது. பக்கவாட்டில் மின்விளக்கு வந்துவிட்டது. முப்பது வரிசைக்கு அப்பால் இருப்பவருக்கு முகம் தெரியாது, உருவம் தெரியும், கோடு தெரியும். அந்தக் கோட்டைக் காட்டத்தான் விசிறி. விசிறியின் ஜரிகைக் கரை ஒவ்வொரு முறையும் விரிந்து மூடும்போது கடைசி வரிசைக்குத் தாளம் போட்டுக் காட்டுகிறது.

தையற்கடையில் இதைப் பேன் என்பார்கள். இங்கிலீஷ் பேன்தான். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருநாள் கூட வந்தவர், "குழந்தைக்குப் பேன் பெரிசா வைக்கலாமா சின்னதா வைக்கலாமா" என்று தையற்காரர் கேட்டதும் அதிர்ந்து போய்ப் பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்தார்.

(சிரிப்பு.)

அந்தத் தையற்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மல்லேஸ்வரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை. ஒரே வாக்கியத்தில் தமிழும் கன்னடமும் உருதுவும் பேசுவார். என் முதல் காஞ்சிப் பட்டை அவர் மேஜையில் விரித்துவைத்தது கண்ணிலேயே இருக்கிறது. மயில்கழுத்து உடல், அரக்குக் கரை. அம்மா சிக்பேட்டையில் ஒரு பகல் முழுக்க ஏறி இறங்கி வாங்கியது. அவர் புடவையை உடனே வெட்டமாட்டார். முந்தானையை இருபுறமும் நீவிவிடுவார், கரையோடு கரையைச் சேர்த்துப் பார்ப்பார், சாக்குக்கட்டியால் கோடு போடுவார். கத்திரியைக் கையில் எடுத்தபின், "அக்கா, ஒருதரம் பாத்துக்குங்க. இதுக்கப்புறம் இது புடவை இல்லே" என்பார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முந்தானை விசிறியாகும், உடல் பைஜாமாவாகும், மிச்சத்தில் மேலாக்கு. ஆறு கஜப் பட்டு பத்து நிமிஷத்தில் பத்துத் துண்டு. பட்டு கட்டுகிற குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தச் சத்தம் மறக்காது.

பட்டைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. காஞ்சிபுரத்தில் நெய்தாலும் நூல் பெரும்பாலும் கர்நாடகத்தில் விளைந்தது. ராமநகரம் பட்டுக்கூட்டுச் சந்தையைத் தாண்டித்தான் நாம் மைசூருக்குப் போகிறோம். மைசூர்ப் பட்டு வேறு. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1912-ல் தொடங்கிய ஆலையின் வழி வந்தது. கிரேப் என்பதால் வழவழவென்று இறங்கும், கட்டிக்கொள்ள அதைப்போல இதம் வேறில்லை. ஆனால் விசிறிக்கு உதவாது, மடிப்பு நிற்காது. நம் ஊர்ப் பட்டை நம் ஊர் மேடையில் விசிறியாகத் தைக்க முடியவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. புடவையாகவே கட்டி ஆடுகிறவர்கள்தான் அந்த வருத்தத்தைத் தீர்க்கிறார்கள்.

ஆண்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் 1912-ல் பிறந்தவர் ராம் கோபால். பென்சன் டவுன் பக்கம் வீடு. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம், குஞ்சு குரூப்பிடம் கதகளி. 1939-ல் லண்டன் ஆல்ட்விச் தியேட்டரில் ஆடினார். ஆண் ஆடினால் என்ன உடுத்துவது என்ற கேள்விக்கு நம் மரபில் தயாராக ஒரு பதில் இல்லை. அவர் வெற்று மார்பில் ஆரங்களைப் போட்டு, தலைக்குமேல் பெரிய கிரீடம் வைத்து, தோளில் அணிகளைப் பொருத்தி, ஒரு சிலை இறங்கி நடந்து வருவதாக ஐரோப்பியக் கண்களை நம்பவைத்தார். அந்தக் கிரீடத்தைக் கோயிலில் எண்ணெய் விளக்கில் வைத்தால் அதிகப்பிரசங்கம். லண்டன் மேடையின் ஸ்பாட் லைட்டில் அது பேசும். அதே தலைமுறையில் இதே ஊரில் இருந்த யு.எஸ். கிருஷ்ணராவ் சென்ட்ரல் காலேஜில் கெமிஸ்ட்ரி பேராசிரியர். மனைவி சந்திரபாகா தேவியோடு சேர்ந்து ஆடினார், இந்த ஊருக்கே சொல்லிக்கொடுத்தார். காலையில் லேப், மாலையில் அலாரிப்பு. பெங்களூர்க்காரன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

பேலூரை விட்டுவிட்டால் கன்னட நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1117-ல் விஷ்ணுவர்தனன் எடுப்பித்த கோயில். தூண் தலையில் நிற்கும் மதனிகைகளின் நகையைப் பார்த்து எத்தனை ரங்கப்பிரவேசத்துக்கு நகை செய்திருக்கிறார்கள் என்று கணக்கில்லை. ஒரு பெண்ணின் கல்வளையல் தனியாகச் சுழலும் என்று வழிகாட்டி காட்டுவார். ஆனால் கல்லில் செதுக்கிய நகைக்கு எடை தெரியாது. அதைப் பார்த்துச் செய்த ஒட்டியாணத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பத்து வயசுப் பிள்ளை வர்ணம் முழுக்க மூச்சுவிட முடியாமல் ஆடியதை நான் பார்த்திருக்கிறேன். ஜதி முடிகிற இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கழற்றிவிடுங்கள் என்று அம்மாவைக் கண்ணாலேயே தேடிக்கொண்டிருந்தாள்.

இனி இன்றைக்கு வருவோம்.

இருபது வருடத்துக்கு முன்வரை மேடைகளில் மஞ்சள் வெளிச்சம். இழை பல்பு. அதில் சிவப்பு அதிகம், ஆகவே கெம்புக்குக் கொஞ்சம் உயிர் இருந்தது. அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள் என்று பட்டெல்லாம் பொங்கும். இப்போது எல்லா அரங்கிலும் எல்.ஈ.டி. மலிவான வெள்ளை எல்.ஈ.டி.யில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. அதற்குமேல் விளக்குப் பையன் நீலத்தை ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? நீல வெளிச்சத்தில் சிவப்புக் கல் கறுப்பாகத் தெரியும். கிருஷ்ண லீலை நடந்துகொண்டிருக்கும்போது நெற்றிச்சுட்டி முழுக்க ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். ஒத்திகையில் யாரும் நகை போட்டுப் பார்ப்பதில்லை என்பதால் அன்றைக்குத்தான் தெரியவரும்.

விளக்கைவிடப் பெரிய ஆள் ஒன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. கேமரா. இன்றைய நடனத்தின் முதல் ரசிகர் அதுதான், கடைசி ரசிகரும் அதுதான். பளபளக்கும் கவரிங் நகை கேமராவில் வெள்ளையாகத் தீய்ந்துபோகும். அதனால்தான் மேட், ஆன்டிக் என்று மங்கலான முலாம் எல்லாக் கடையிலும் வந்துவிட்டது என்பது என் கணிப்பு. ஆழ்ந்த சிவப்பு செல்போனில் திட்டாக ஓடிவிடும். ரோஸ் மில்க் நிறம், பிஸ்தா நிறம், லாவெண்டர் எல்லாம் அழகாக விழும். பேஸ்டல் காஸ்ட்யூம் வந்த கதை அதுதான். தலையில் கனகாம்பரமும் மல்லிகையும் போய்த் துணிப்பூ வந்தது. கே.ஆர். மார்க்கெட் பூ நான்கு மணிக்குத் தொடங்கும் போட்டோ ஷூட்டிலிருந்து ஒன்பது மணித் தில்லானாவரை தாங்காது, துணிப்பூ தாங்கும். வாசனை வீடியோவில் வராது அல்லவா? ஒரு மார்க்கத்துக்குள் மூன்று முறை உடை மாற்றுவதும் படத்துக்காகத்தான். நடுவில் வயலின்காரர் கால்மணி நேரம் ராகம் வாசித்து ஒப்பேற்றுகிறார். அவருக்கு அன்று கிடைக்கிற ஒரே தனி ஆவர்த்தனம் அது.

சூரியன் சந்திரன் கதை இன்னும் வேடிக்கை. உச்சி வகிட்டுக்கு வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சமீபத்தில் ஒரு மாணவி மாற்றி வைத்துக்கொண்டு வந்தாள். ஏனம்மா என்றேன். "மிஸ், வீடியோ பாத்துதான் வெச்சேன்" என்றாள். வாங்கிப் பார்த்தேன். யாரோ செல்பி கேமராவில் எடுத்தது. அது கண்ணாடி மாதிரி இடம்வலம் மாற்றிக் காட்டும். அதைப் பார்த்து வைத்தால் சந்திரன் வலப்பக்கம் உதிக்காமல் என்ன செய்யும்? திருத்தினேன். அவள் சொன்னாள், "போட்டோல கரெக்டாதான் மிஸ் தெரியும்." பதில் சொல்ல முடியாமல் நான் அவள் பின்னலைச் சரிசெய்தேன்.

இந்த மினுக்கெல்லாம் வேண்டாம் என்பவர்கள் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூத்தவர் சந்திரலேகா. 1985-ல் 'அங்கிகா' என்ற நடனப் படைப்பில் நகையைக் கழற்றி வைத்துவிட்டு உடம்பை முன்னால் கொண்டுவந்தார். அதற்கு ஒரு வாதம் இருந்தது. இன்று பெங்களூரில் கைத்தறிப் பருத்தியில், இல்கல் புடவையில், காதில் ஒரு தோடு மட்டும் போட்டு ஆடும் இளம் பெண்களைப் பார்க்கிறேன். பாதிப் பேருக்கு அந்த வாதம் தெரிந்திருக்கிறது. மீதிப் பேருக்கு அது இன்னொரு பேஷன். வெறுங்கழுத்தும் படத்தில் நன்றாகவே விழுகிறது. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கலும் உண்டு. எளிமை எளிமை என்று எல்லோரும் கிளம்பினால் வடசேரியில் அறை கட்டிக் கல் பதிப்பவர் என்ன செய்வார்? அச்சில் வார்த்து முலாம் பூசிய செட் ஒரு பக்கம் அவரை நெருக்குகிறது, கொள்கையுள்ளவர்கள் இன்னொரு பக்கம் கைவிடுகிறார்கள்.

ஹெசரகட்டாவில் 1990-ல் புரோதிமா பேடி தொடங்கிய நிருத்தியகிராமத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். ஒடிசியைக் கண்ணால் காணலாம். அங்கே நகை வெள்ளி. கட்டக் நகரத்துத் தாரகசி வேலை, நூல்போன்ற வெள்ளிக் கம்பியைப் பின்னியது. தலையில் பூரியிலிருந்து வரும் நெட்டிச் சூட்டு, எடையே இருக்காது. வெள்ளிக்கு எல்.ஈ.டி. எதிரியில்லை, ஒத்துப்போகிறது. நம் கெம்புக்குத்தான் கஷ்டம்.

காசு விஷயமும் பேசத்தான் வேண்டும், பெற்றோர் வந்திருக்கிறீர்கள். வளரும் பிள்ளைக்கு மூன்று பட்டு வெட்டாதீர்கள். வாடகைக்கு எடுங்கள், அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. தைப்பதானால் உள்ளே இரண்டு அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், பின்வரிசையில் இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள் பாருங்கள். ஒரு முழு செட்டுக்குக் கொடுக்கிற காசில், கையால் செய்த ஒரே ஒரு நகை வாங்குங்கள். ராக்கொடியோ நெற்றிச்சுட்டியோ. மற்றதெல்லாம் கவரிங்காக இருக்கட்டும், யாருக்குத் தெரியும்? ஜிமிக்கி கனமானால் மாட்டல் கட்டாயம். காது கிழிந்தால் தைக்க டாக்டரிடம் போக வேண்டும், டெய்லரிடம் அல்ல. சபாக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் எல்.ஈ.டி.யில் வெதுவெதுப்பான வெள்ளை என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அபிநயத்துக்கு அதைப் போடுங்கள். நீலத்தை நட்டுவாங்கக்காரரின் முதுகுப்பக்கம் அடித்துக்கொள்ளுங்கள், அவர் ஆட்சேபிக்க மாட்டார்.

என் ஆசிரியை இந்த நெற்றிச்சுட்டியைக் கொடுத்தபோது அதில் ஒரு கல் விழுந்திருந்தது. இன்றும் இல்லை, இதோ, நடுவில் இரண்டாவது அறை. பொருத்தித் தருகிறேன் என்று சொன்ன கடைகள் எல்லாம் பசை வைத்து ஒட்டுகிற கடைகளாக இருந்தன. அரக்கு வைக்கத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டே வருடங்கள் ஓடிவிட்டன. அடுத்த மாதம் நாகர்கோவில் போகிறேன், பையில்தான் இருக்கிறது.

பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துக்கொள்ளலாம். கையில் எடுக்கலாம், ஒன்றும் ஆகாது. அகலில் இன்னும் எண்ணெய் இருக்கிறது.